மேண்டிலுக்குப் பதில் இரும்பு வலை போடலாமா?

கேள்வி: பெட்ரோமாக்ஸ் விளக்கை மேண்டில் (சுடரைச் சுற்றிக் கட்டும் துணி வலைப்பை) இல்லாமல் எரித்தால் மங்கலான நீலச் சுடர்தான் வருகிறது. மேண்டிலைக் கட்டியதும் அதே சுடர் கண்ணைக் கூச வைக்கிறது. இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? மேண்டில் தொட்டாலே உதிர்கிறதே, அதற்குப் பதில் மெல்லிய இரும்புக் கம்பி வலையைப் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். வலை ஒளிரத்தான் செய்யும்; ஆனால் செக்கச்செவேலென்றோ மஞ்சளாகவோ மங்கி நிற்கும். கொஞ்ச நேரத்தில் செதில் செதிலாக உதிரவும் தொடங்கும்.

காற்று நன்றாகக் கலந்து எரியும் சுடரில் இருப்பது சூடான வாயு மட்டுமே. வெப்பம் ஏராளம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வாயு அதிகம் வீசாது. மெழுகுவர்த்திச் சுடர் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணமே அதனுள் பழுத்து மிதக்கும் கரித்துகள்கள்தான். வெப்பத்தை வெளிச்சமாக மாற்றித்தர அங்கே ஒரு திடப்பொருள் வேண்டும்.

எந்தத் திடப்பொருளும் எந்த வெப்பநிலையிலும் கதிர் வீசிக்கொண்டேதான் இருக்கிறது. சுமார் 525 டிகிரி செல்சியஸ் வரை அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு. அதைத் தாண்டினால்தான் மங்கிய சிவப்பு தெரியத் தொடங்கும். 1847இல் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அறிவியலாளர் இதை அளந்து காட்டினார். (சிவக்காத இரும்பு ஆறிய இரும்பு அல்ல என்பதைப் பட்டறையில் நிற்பவர்கள் நினைவில் வைப்பது நல்லது.) சூடு ஏற ஏற ஒளி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் வெண்மைக்கும் நகர்கிறது, மொத்தக் கதிர்வீச்சைவிட அதிலுள்ள கட்புலன் ஒளி வேகமாகப் பெருகுகிறது. ஆகவே, பொருளைச் சுடரின் வெப்பநிலைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோகிறோம் என்பதுதான் கேள்வி.

இரும்பு இங்கேதான் தோற்கிறது. அது ஓட்டைப் பானை: சுடர் ஊற்றும் வெப்பத்தை அகச்சிவப்பாக ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும், சூடு ஏறாது. முதல் எரிப்பில் துணி எரிந்துபோனபின் மேண்டிலில் எஞ்சியிருக்கும் சாம்பல் வேறு வகை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1891 வாக்கில் கண்டடைந்த கலவையில் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. தோரியம் ஆக்சைடு 3300 டிகிரிக்கு மேல்தான் உருகும். சுடரின் சூட்டில் அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வீசும். அதனால் வெப்பம் வீணாகாமல் சுடரின் சூட்டை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. ஆனால் அது தனியாக இருந்தால் ஒளியும் சொற்பமே. கட்புலன் ஒளியை வீசும் வேலை சீரியத்தினுடையது. சீரியத்தைக் கூட்டினால் இன்னும் பிரகாசிக்கும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறு. கூடுதல் சீரியம் அகச்சிவப்பையும் கூடவே வீசி மேண்டிலைக் குளிர்வித்துவிடும், ஒளி மஞ்சளித்து மங்கும். எனக்கு இந்த ஒரு சதவீதம் இன்னும் வியப்புதான்.

மேண்டிலில் கரும்புள்ளி விழுந்தால் அந்த இடம் மங்குவதும் இதே காரணத்தால்தான்: கரி எல்லா அலைநீளங்களிலும் கதிர் வீசித் தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது. மேண்டிலை மாற்றுவதற்கு முன் பம்ப் அழுத்தத்தையும் எரிபொருள் வரும் துளையையும் பாருங்கள். காற்று சரியாகக் கலந்தால் கரி பெரும்பாலும் தானே எரிந்துபோகும்.

புதிய மேண்டிலின் முதல் எரிப்பைத் திறந்த வெளியில் செய்யுங்கள். தோரியம் லேசான கதிரியக்கம் உடையது. பல தயாரிப்புகளில் இப்போது அதற்குப் பதில் இட்ரியம் என்ற உலோகத்தின் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். எதுவானாலும் உடைந்த மேண்டிலின் தூளை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையைக் கழுவிவிடுங்கள்.