குளத்தில் மண்டிய களையை எருமை தீர்க்குமா?

எருமைகளை இறக்கினால் ஊர்க்குளம் தெளியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டியிருப்பது கோரையும் தண்ணீர்ப் புல்லும் என்றால் பெருமளவு தெளியும். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் பூங்காவில் 1982-இல் மேய்ச்சலைத் தடுத்தார்கள். எருமை போனதும் புல் பெருகித் தண்ணீரை மூடிவிட்டது. எருமை தின்பது பாதி, மிதிப்பது பாதி. அது புரண்டு எழுந்த இடத்தில் கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் தெரியும்; கொக்கு வந்து நிற்கும். (காங்கேயம் மாடு கொறங்காடு என்னும் வறண்ட மேய்ச்சல் நிலத்துப் பிள்ளை, சேற்றுக்கு எருமைதான்.)

சீமைக் கருவேலம் வேறு கதை. அதன் காயை ஆடு ஆசையாகத் தின்னும். செரிக்காத விதை புழுக்கையோடு விழுந்து கரையெல்லாம் முளைக்கும். காய்க்கும் மரங்களை வேரோடு எடுத்த பிறகே ஆட்டை விடுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு ஆட்டுக்கு விஷம். ஆகாயத் தாமரையை ஆள் வைத்துத்தான் அள்ள வேண்டும். சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர் சேரும் நொய்யல் ஆற்றுக் குளமென்றால் எருமையை இறக்கவே வேண்டாம்.