ஹெட்லைட் பல்பு மாற்றியதற்கு அபராதம்: கட்டிவிடுவதா, வழக்காடுவதா?

கேள்வி: கரூரில் வசிக்கிறேன். வாரந்தோறும் இரவில் மதுரைக்குக் காரில் போய் வருகிறேன். காரோடு வந்த ஹெச்4 பல்பின் வெளிச்சம் போதவில்லை என்று முதலில் ஒரு கடையில் 100/90 வாட் ஹாலஜன் (தூரம் காட்டும் ஹை பீமுக்கு 100, தாழ்ந்து விழும் லோ பீமுக்கு 90) போட்டேன். ஒரே மாதத்தில் ஹோல்டர் உருகிவிட்டது. அதே கடைக்காரர் ரூ.4,200-க்கு எல்.இ.டி. பல்பு ஜோடி மாட்டிக் கொடுத்தார். பெட்டியில் 'ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு' என்று அச்சிட்டிருந்தது. போன வாரம் மோட்டார் வாகன ஆய்வாளர் பிரிவு 182ஏ(4)-இன் கீழ் இ-செலான் போட்டுவிட்டார். பல்பு மாற்றுவதெல்லாம் வாகனத்தை மாற்றியமைப்பதா? சர்வீஸ் சென்டரில் வயரிங்குக்கு வாரண்டி கிடையாது என்கிறார்கள், கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். என்ன வழி?

பதில்: செலானைப் பற்றிப் பேசுமுன் ஒரு வேலை. எல்.இ.டி. பல்புகளைக் கழற்றி, புது ஹோல்டர் போட்டு, 60/55 வாட் ஹெச்4 பல்பை மாட்டிவிடுங்கள். கழற்றுவதற்கு முன் பல்பு, பெட்டி, உருகிய ஹோல்டர் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கழற்றியவற்றை எறிய வேண்டாம். கடைக்காரர் மேல் நடவடிக்கை எடுக்க அவைதான் சாட்சி.

இனி உங்கள் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அங்கே மாற்றம் என்றால், வாகனத்தின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பை மாற்றுவது என்று விளக்கமும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் பல்பின் வாட் எழுதியிருப்பதில்லை. வாகன மாற்றம் பற்றி 2019 ஜனவரியில் கேரளத்து ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். இதை மட்டும் பார்த்தால் உங்கள் வாதம் நிற்கும்.

ஆனால் செலான் போட்டது பிரிவு 52-இல் அல்ல. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) இன்னும் அகலமானது. சட்டமும் விதிகளும் அனுமதிக்காத முறையில், உதிரி பாகங்களைப் பிற்பாடு பொருத்துவது உட்பட, வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். 'பிற்பாடு பொருத்துவது' என்பதை அந்தப் பிரிவே சொல்லிவிட்டதால், ஹாலஜனுக்கென்று செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகியதை அதற்கு வெளியே கொண்டுபோவது கடினம்.

இதோடு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் விதி 106-ஐயும் படியுங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. விளக்கு நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் அப்படித் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். எதிரே பைக்கில் வருபவரின் கண் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் வரும்.

எல்.இ.டி. பல்பு அந்த இடத்தில்தான் தோற்கிறது. ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி வடிவத்தில் ஒரு சின்னத் தகடு. ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் வெளிச்சம் படாமல் தடுப்பது அதன் வேலை. வெளிச்சத்தின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்பது அதனால்தான். இழை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்த விளிம்பு கலைந்துவிடும். எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய சிப்புகள்தான். அவற்றின் அளவும் இருப்பிடமும் இழையோடு ஒத்துப்போகாததால் வெளிச்சம் மேலே சிதறுகிறது. ஓட்டுபவருக்கு முன்னால் சாலை வெள்ளையாகத் தெரிவதால் நன்றாக இருப்பதாகத் தோன்றும்; தொலைவில் விழும் வெளிச்சமோ பல நேரம் குறைந்தே போயிருக்கும்.

ஆகவே என் கருத்து: செலானில் ஒரே மாற்றம் என்று போட்டிருந்தால் இணக்கக் கட்டணத்தை (வழக்கு நடத்தாமல் குற்றத்தை முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டி முடித்துக்கொள்ளுங்கள். இடது, வலது என்று பிரித்து இரண்டு மாற்றமாகக் கணக்கிட்டிருந்தால் கட்டாதீர்கள். ஜோடியாக விற்று, ஜோடியாக மாட்டியது ஒரே மாற்றம்தான் என்று நீதிமன்றத்தில் வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கட்டணம் கட்டியதால் அந்தப் பல்பு சட்டப்படியானதாகிவிடாது. அதே பல்போடு அடுத்த முறை பிடிபட்டால் புதுச் செலான்தான். சாலைப் பாதுகாப்புத் தரங்களை மீறுவதற்கான பிரிவு 190(2)-ஐயும் சேர்த்தால், முதல் குற்றத்துக்கே ரூ.10,000 வரை அபராதமும் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் வரலாம்.

வாரண்டி விஷயத்தில் சர்வீஸ் சென்டர் சொல்வது பாதி சரி. 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல். கம்பெனி வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல. அதனால் உருகிய ஹோல்டரும் அதோடு சேர்ந்த வயரிங்கும் உங்கள் செலவு. இதைக் காட்டி ஏ.சி., இன்ஜின் போன்ற சம்பந்தமில்லாத பாகங்களுக்கும் மறுத்தால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

காப்பீட்டிலும் இதே மாதிரிதான். விபத்தில் காயமடைந்த மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை பல்பைக் காரணம் காட்டி நிறுவனம் தட்டிக்கழிக்க முடியாது. பிரிவு 150 அதற்கு அனுமதிக்கும் காரணங்கள் மிகச் சிலவே. உங்கள் சொந்தக் கார் சேதத்துக்கான கோரிக்கையில், குறிப்பாக ஹெட்லைட் வயரிங்கிலிருந்து தீப்பிடித்திருந்தால், நிச்சயம் தகராறு வரும்.

கடைக்காரரை விடாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகம் பல்புக்கு ஒப்புதல் தருவதில்லை. வாகன பாகங்களைச் சோதித்துச் சான்று தருவது புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிறுவனங்கள். எனவே பெட்டியில் உள்ள வாசகமே பொய். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது நியாயமற்ற வணிக நடைமுறை. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் 'ஆஃப் ரோடு பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பெட்டிகளில் இருக்கும். முன்பக்கம் ஒன்று, அடியில் ஒன்று என்றால் உங்கள் வழக்கு இன்னும் பலமாகும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பிறகு ஜி.எஸ்.டி. பில், பெட்டியின் படம், செலான் நகல் இணைத்து, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் கரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பல்பின் விலையோடு அபராதத்தையும் ஹோல்டர் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். பில் வாங்கவில்லை என்றால் யு.பி.ஐ. கட்டணப் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் உதவும்.

வெளிச்சம் போதவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. அதைச் சட்டத்துக்குள்ளேயே தீர்க்கலாம். முதலில் விளக்குக் கண்ணாடி மஞ்சளடித்திருந்தால் பாலிஷ் போடுங்கள். அடுத்து, இன்ஜின் ஓடும்போது ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். பழைய வண்டிகளில் பாதிக் குறை இங்கேதான். இரண்டு ரிலே (பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் விடும் மின்சுவிட்ச்), செராமிக் ஹோல்டர், பேட்டரி அருகில் ஃபியூஸ் கொண்ட தனி வயரிங் கிட் இதைத் தீர்க்கும். கம்பெனி வயரை வெட்டாமல் செருகும் வகையாக வாங்குங்கள்.

பல்பில் '60/55' என்பதும் ஐரோப்பியத் தர ஒப்புதலைக் காட்டும், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்க வேண்டும். அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் ரகங்களும் உண்டு. அவற்றின் ஆயுள் குறைவு. வெளிநாட்டிலிருந்து முழு விளக்கை இறக்கி மாட்டாதீர்கள். சாலையின் வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கு, இங்கே எதிரே வருபவர் பக்கம்தான் வெளிச்சத்தைத் தூக்கும். பம்பரில் ஸ்பாட் லைட் வைக்கும் யோசனையும் வேண்டாம். விதி 111 அதைத் தடுக்கிறது.

கடைசியாகக் கோணம். டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள், லெவலிங் பட்டன் (விளக்கின் கோணத்தை ஏற்றி இறக்குவது) பூஜ்யத்தில். சமதரையில் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறியுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 8 முதல் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். அந்த நிலையில் ஒரு படம் எடுத்து, புது பல்பின் பில்லோடு ஆர்.சி. கவரில் வைத்துவிடுங்கள். ஆய்வாளர் கேட்டால் அங்கேயே காட்டலாம்.