தஞ்சைப் பெரிய கோயிலைப் பராமரிப்பது யார்? தொல்லியல் துறையா, அறநிலையத் துறையா?

இரண்டும்தான். 'பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்' என்றால், அரசின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாத பழைய கட்டடம். பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் இருக்கிறது. அந்தத் துறையின் திருச்சி வட்ட அலுவலகம் கோயிலைக் கவனிக்கிறது. கல் விலகினால், விமானத்தில் செடி முளைத்தால் அவர்கள் வேலை. பூஜை, திருவிழா எல்லாம் அரண்மனை தேவஸ்தானமும் (தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தின் கோயில் நிர்வாகம்) அறநிலையத் துறையும் பார்த்துக்கொள்கின்றன.

ஏன் இந்தப் பிரிவினை? ஆயிரம் வருஷத்துக் கல்லைப் பழுதுபார்ப்பது தனிக் கலை. நல்ல எண்ணத்தோடு சிமெண்ட் பூசினாலே போதும், உள்ளே ஈரம் தங்கிக் கல் உதிர ஆரம்பித்துவிடும்.

கூட்டுக்குடும்ப வீடு மாதிரிதான்: கூரை ஓடு மாற்றுவது அண்ணன் பொறுப்பு, அடுப்படி அண்ணியின் ராஜ்யம். அவ்வப்போது உரசலும் வரும்!

பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்ட, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அப்புறம், 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் கோயில் யுனெஸ்கோவின் கைக்குப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது அங்கீகாரம் மட்டுமே, பொறுப்பு இன்றும் இங்கேதான் இருக்கிறது.