லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பறவைப் படம் எடுப்பவர்களுடையவை. நானும் பல வருடங்களாகக் காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை சுற்றுகிறவள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கி, பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

செந்தூல்: அக்கா, பழைய 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றை 2,300 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். எல்ஆர்டி ரயில் நிலையக் கார் நிறுத்துமிடத்தில் இரவு எட்டு மணிக்குக் கைமாறியது. "கண்ணாடி சுத்தம், பூஞ்சை இல்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். வெயிலை நோக்கி எடுத்தால் படம் பால் ஊற்றினதுபோல வெளுக்கிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு உள்ளே பூஞ்சை என்கிறார். விற்றவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் இதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. 2014இல் ஒரு 400 மி.மீ. லென்ஸை, சாப்பாட்டுக் கடை வாசலில், மங்கலான குழல் விளக்குக்குக் கீழே வாங்கினேன். விற்றவர் முன்கண்ணாடியை மட்டும் பளபளவென்று துடைத்துக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துக் கோல சிலாங்கூரில் செம்பருந்து ஒன்று தலைக்கு மேலேயே வட்டமடித்தது, எடுத்த அத்தனை படத்திலும் பறவையைச் சுற்றிப் புகை. பழுது பார்ப்பவர் லென்ஸைக் கழற்றி ஒரு கண்ணாடியை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள், கிளை கிளையாகப் பிரிந்து வளர்ந்திருந்தன. துடைத்தார். இழை போய்விட்டது, ஆனால் அது ஓடிய தடம் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சில் அப்படியே பதிந்திருந்தது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பூஞ்சையை எடுத்துவிடலாம், பூச்சைத் தின்ன ஆரம்பித்துவிட்டால் தழும்பு தழும்புதான். ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வளர்ந்திருந்தால் அதைத் தொடவே முடியாது.

இப்போது உங்கள் வழக்கு. விற்றவர் தனிமனிதராக, தன் சொந்தப் பொருளை விற்றவர் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இதை எடுத்துக்கொள்ளாது. வியாபாரமாகச் செய்கிறவரோடுதான் அங்கே மோத முடியும். ஆகவே அவருடைய விற்பனைப் பக்கத்தைப் பாருங்கள். வாரம் நாலு லென்ஸ் விற்கிறவர் என்றால் அவர் வியாபாரி, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகைக் கோரிக்கைக்கான நடைமுறை இருக்கிறது, வக்கீல் வேண்டியதில்லை. "பூஞ்சை இல்லை" என்று அவர் எழுதிக்கொடுத்தது உங்களுக்குப் பெரிய பலம், அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். போலீஸ் புகாரும் செய்து வையுங்கள்.

மற்றவர்களுக்கு: பகலில் வாங்குங்கள். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. இழையோ படலமோ தெரிந்தால் மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பணம் அனுப்பும் முன் விற்பவரின் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிக் கணக்கா என்று காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள், இலவசம்தான்.

கெப்போங்: கைப்பேசியில் மாட்டும் 60 மடங்கு லென்ஸ், 89 வெள்ளி. இருவாச்சி எடுக்க உதவுமா?

உதவாது.

கிள்ளான்: கேமராவை அரிசி டப்பாவில் வைக்கலாம் என்கிறார் என் மாமா. சரியா?

வேண்டாம், அரிசி மாவு லென்ஸ் வளையங்களுக்குள் இறங்கிவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இது போதும். மீட்டர் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். காசு சேர்ந்த பிறகு மின்சார உலர்பெட்டி வாங்கலாம். நம் ஊர்க் காற்றில் லென்ஸைப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு நல்ல விருந்து.

பிறை: புதுக் கேமரா, ஒன்பதாம் நாளே ஃபோகஸ் வேலை செய்யவில்லை. கடையில் கேட்டால் ரசீதில் அடித்த முத்திரையைக் காட்டுகிறார்கள்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது." நீங்களே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், இரண்டு மாதம் ஆகலாம் என்கிறார்கள். என் தலையெழுத்து அவ்வளவுதானா?

இல்லை தம்பி. இந்த முத்திரையைப் பற்றி நான் எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. ஜார்ஜ்டவுனிலிருந்து ஜொகூர்வரை கடைக்குக் கடை இந்த ரப்பர் கட்டையை வைத்துக்கொண்டு, படித்தவர்களைக்கூட வாயடைக்க வைத்து அனுப்புகிறார்கள். நீங்கள் மனம் மாறி, "நிறம் பிடிக்கவில்லை, வேறு கொடுங்கள்" என்று போனால் கடைக்காரர் மறுக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் பொருள் பழுது என்றால் கதையே வேறு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற உத்தரவாதத்தை உங்களுக்குத் தருகிறது. கடைக்காரர் எதை எழுதிக்கொண்டாலும், நீங்களே அதில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்த உத்தரவாதம் போகாது என்று சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. அந்த முத்திரையால் உங்கள் உரிமையை அழிக்க முடியாது.

இன்னொன்று, இதைத்தான் மக்கள் மறந்துவிடுகிறார்கள்: உங்களிடம் காசு வாங்கியவர் கடைக்காரர். சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, எத்தனை மாதம் ஆகும் என்பதெல்லாம் அவர் தலைவலி. சரிசெய்யக்கூடிய பழுது என்றால் நியாயமான காலத்துக்குள் அவர் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டாலோ, பழுது பெரியது என்றாலோ நீங்கள் பொருளை நிராகரித்துப் பணமோ மாற்றுப் பொருளோ கேட்கலாம். ஃபோகஸ் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு யார் பறவை எடுப்பது? ஆனால் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு நிராகரிக்க முடியாது, உடனே செய்ய வேண்டும்.

இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, பழுது தெரிந்த தேதி, உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள், நாலே வரி. கடையில் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் பதிவுத் தபால். அதற்கும் மசியவில்லையா, பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளிவரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும், இரண்டு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது. இணையம் வழியாகவும் பதியலாம். மன்றம் கொடுத்த தீர்ப்பைக் கடைக்காரர் 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். நீங்கள் பினாங்குக்காரர், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது, எழுதத் தடுமாறினால் அங்கே போய்க் கேளுங்கள்.

ரசீதை இப்போதே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அடித்த எழுத்து நம் வெயிலுக்குச் சீக்கிரம் மறைந்துவிடும். நான் ஒரு முக்காலிக்காகச் சண்டை போடப் போய், பர்ஸிலிருந்து எடுத்து நீட்டியது வெறும் வெள்ளைத் தாள்.

ஜார்ஜ்டவுன்: ஏபி செட், மலேசியா செட், எது வாங்க? 500 வெள்ளி வித்தியாசம்.

ஏபி செட் என்பது தயாரிப்பாளரின் உள்ளூர் முகவர் வழியாக வராத பொருள். கேமரா ஒன்றேதான். உத்தரவாதத்தை முகவர் ஏற்க மாட்டார், விற்ற கடைதான் கொடுக்கும், கடை மூடிவிட்டால் உத்தரவாதமும் கூடவே போய்விடும். பல வருடமாக அதே இடத்தில் இருக்கும் கடை என்றால் யோசிக்கலாம். விலை அதிகமான நீள லென்ஸுக்கு நான் மலேசியா செட்தான் வாங்குவேன்.

சுபாங் ஜெயா: பறக்கும் பஞ்சுருட்டான்களை 1/320 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன், எல்லாம் கலங்கல். ஏஐ மென்பொருளுக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். இறகெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி வருகிறது. சந்தாவை நிறுத்தினால் அபராதமாம். இலவசச் சோதனைக் காலம் இருந்தது, பார்க்க நேரமில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பார்க்க நேரமில்லாதவர் ஒரு வருடத்துக்கு ஏன் கட்டினீர்கள்? மாதம் மாதம் காசு போகிறது என்பதால் அது மாதச் சந்தா ஆகிவிடாது. பல நிறுவனங்கள் வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையாக விற்கின்றன, நடுவில் விட்டால் மீதியில் ஒரு பங்கைக் கேட்பார்கள். பணம் கட்டும் பக்கத்திலேயே அதை எழுதியிருப்பார்கள். வாங்கிய உடனேயே ரத்து செய்தால் முழுப் பணமும் தரும் நிறுவனங்கள் உண்டு. அந்த நாள் கடந்துவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள்.

படத்துக்கு வருவோம். மூன்று விதமான கெடுதல் இருக்கிறது, மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி இருந்தால் மென்பொருள் நன்றாகவே துடைக்கும், அதுவும் ரா கோப்பாக (கேமரா பதிந்ததை ஜேபெக்காகச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால். கண்ணுக்குப் பதில் பின்னால் இருக்கும் கிளையில் ஃபோகஸ் விழுந்திருந்தால் கொஞ்சம்தான் தேறும். இறக்கை அசைந்து கலங்கியிருந்தால் அந்த இறகின் விவரம் கேமராவுக்குள் வரவே இல்லை, மென்பொருள் தன் ஊகத்துக்கு ஒன்றை வரைந்து வைக்கிறது. அதுதான் உங்கள் பிளாஸ்டிக். பஞ்சுருட்டான் பூச்சியைத் துரத்திச் சடாரென்று திரும்பும் பறவை, 1/2500க்குக் கீழே இறங்காதீர்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 ஆனாலும் ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து இருட்டாக எடுத்து, வீட்டில் வெளிச்சம் கூட்டினால் நிழல் பகுதியில் புள்ளி இன்னும் கொட்டும்.

வேலை செய்யும் வரிசை: முதலில் புள்ளி நீக்கம், அப்புறம் வெளிச்சமும் நிறமும், வெட்டுவது, கடைசியில் கூர்மை. கூர்மையைப் பறவை மேல் மட்டும் போடுங்கள், பின்னணி வானத்தில் போட்டால் துடைத்த புள்ளியே திரும்ப வரும். இதற்குக் காசு வேண்டியதில்லை. கேனன், நிகான், சோனி மூன்றும் தங்கள் ரா கோப்புகளுக்கு இலவச மென்பொருள் தருகின்றன, டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசம்.

நிபோங் திபால்: இணையத்தில் 512 ஜிபி மெமரி கார்டு, 25 வெள்ளி. ஐம்பது அறுபது ஜிபிக்குப் பிறகு எடுத்த படம் எதுவும் திறக்கவில்லை. ஆயர் ஈத்தாம் டாலாமில் மூன்று காலை உட்கார்ந்து எடுத்தவை.

உங்களுக்காக மனசு வலிக்கிறது. அது போலிக் கார்டு. உள்ளே இருப்பது சின்னச் சில்லு, 512 என்று கணினியிடம் பொய் சொல்லும்படி மாற்றியிருக்கிறார்கள். இடம் நிறைந்த பிறகு எழுதியது எங்கும் பதியவில்லை, அந்தப் படங்கள் திரும்பாது. முதலில் எடுத்தவற்றை உடனே நகலெடுங்கள், கார்டில் இனி எதையும் எழுதாதீர்கள். விற்பனைத் தளத்தில் திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் போடுங்கள். பொய்க் கொள்ளளவை அச்சடித்து விற்பது வணிக விவரிப்புச் சட்டம் 2011இன் கீழ் குற்றம், உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் கொடுங்கள். அடுத்த முறை கார்டு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளைப் போட்டு முழுக் கார்டையும் எழுதிச் சோதித்த பிறகுதான் "பொருள் கிடைத்தது" பொத்தானை அழுத்துங்கள். அதை அழுத்தியதும் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும்.

ரவாங்: பறவைக் குரலைப் போட்டு வரவழைக்க நல்ல ஸ்பீக்கர் எது?

எதையும் வாங்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் அது ஓடி வருகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை உங்கள் ஸ்பீக்கரோடு சண்டை போட்டுக் கழிக்கும்.

பத்துமலை: என்னிடம் 150-600 இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் 2 மடங்கு கன்வெர்ட்டர் வாங்கினால் 1200 ஆகுமே?

ஆகும். 600இல் உங்கள் லென்ஸ் துளையின் அளவு எஃப் 6.3இலிருந்து எஃப் 13 ஆகிவிடும், வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஃபோகஸ் தேடிக்கொண்டே நிற்கும். நான் ஒன்று வாங்கினேன், பிரேசர் மலைக்குக் கொண்டுபோன முதல் நாளே கழற்றினேன், இன்னும் அலமாரியில் இருக்கிறது. அந்தக் காசுக்குப் பெட்ரோல் போட்டு இன்னும் நாலு தடவை போய் வாருங்கள்.

செத்தியா வங்சா: எனக்கு 16 வயது அக்கா. பகுதி நேர வேலையில் 900 வெள்ளி சேர்த்திருக்கிறேன். பறவைப் படம் எடுக்க முடியுமா?

தாராளமாக, தம்பி. பழைய டிஎஸ்எல்ஆர் உடலும் 55-250 லென்ஸும் தேடினால் அந்தக் காசுக்குள் கிடைக்கும். தெருவில் வாங்காதே, ரசீது தருகிற கடையில் வாங்கு, கடை விற்கும் பழைய பொருளுக்கும் சட்டம் துணைக்கு வரும். அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போ, டார்ச்சை எடுத்துப் போ. 50 வெள்ளியைப் பெட்டிக்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் ஒதுக்கி வை.

250 மி.மீ. போதாது என்று எல்லாரும் சொல்வார்கள். உன் வீட்டுப் பக்கத்திலேயே தித்திவங்சா ஏரி. காலை ஏழரைக்குப் போய், வெயில் உன் முதுகில் விழுகிற மாதிரி கரையில் உட்கார், நிற்காதே. மீன்கொத்தி ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். முதல் நாள் எந்தக் கிளை என்று மட்டும் பார்த்து வை. மறுநாள் அது வருவதற்கு முன்னால் நீ அங்கே இரு. எடுத்ததை எனக்கு அனுப்பு, திருத்தாத கோப்பாகவே அனுப்பு.