சூட்டைவிட ஈரம் முக்கியம்: இஸ்திரி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டில் இஸ்திரிப் பெட்டி இருந்தும் எடுப்பதே இல்லை. இந்தக் காலத்திலும் துணிகளை வீட்டில் தேய்க்கத்தான் வேண்டுமா?

எல்லாத் துணியையும் தேய்க்க வேண்டியதில்லை. ஜீன்ஸ், டி-ஷர்ட், பின்னலாடை, உள்ளாடை இவற்றைத் தேய்த்துப் பெரிய பலன் எதுவும் இல்லை. துண்டைத் தேய்க்கவே கூடாது. அதிலுள்ள நூல் வளையங்கள் அமுங்கிவிட்டால் ஈரத்தை உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். பருத்திச் சட்டை, லினன், மடிப்பு நிற்க வேண்டிய பேண்ட், பட்டு ஆகியவற்றுக்குத்தான் பெட்டி உண்மையில் தேவைப்படுகிறது. அவற்றை மட்டும் ஒழுங்காகத் தேய்த்தால் போதும் என்பதே எங்கள் கருத்து.

மற்றவற்றின் சுருக்கத்தைத் துவைக்கும்போதே பாதியாகக் குறைத்துவிடலாம். மெஷினைத் துணியால் அடைக்காதீர்கள், மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் இருக்கட்டும். சட்டைகளுக்குப் பிழியும் வேகம் 600 சுற்று போதும், 1200-இல் பிழிந்தால் மடிந்த இடமெல்லாம் அழுத்தமாகப் பதிந்துவிடும். மெஷின் நின்றதும் துணியை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை உதறி, தையல் ஓரங்களைக் கையால் இழுத்து நேராக்கி, சட்டையை ஹேங்கரில் மாட்டிக் காயவிடுங்கள். ஈரத்தோடு மெஷினுக்குள்ளேயே ஒரு மணி நேரம் கிடந்த துணியில் விழும் சுருக்கத்தை உதறி எடுக்க முடியாது.

கேள்வி: பெட்டியை முழுச் சூட்டில் வைத்தும் பருத்திச் சட்டையில் சுருக்கம் போக மாட்டேன் என்கிறது. பெட்டி பழுதா?

பெரும்பாலும் பெட்டியில் குறை இருக்காது. சட்டை முழுக்கக் காய்ந்திருப்பதுதான் காரணம்.

பருத்தி இழை செல்லுலோஸ் சங்கிலிகளால் ஆனது. அந்தச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. துணி கசங்கிய நிலையில் காய்ந்தால், கசங்கிய வடிவத்திலேயே அந்தப் பிணைப்புகள் உருவாகிவிடும். அவற்றை அவிழ்ப்பது முக்கியமாகத் தண்ணீர். சூடு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது, எடை இழைகளைத் தட்டையாக்குகிறது. பிறகு ஈரம் ஆவியாகும்போது புதிய வடிவத்தில் பிணைப்புகள் மறுபடி உருவாகின்றன. காய்ந்த பருத்தியின் மேல் சூட்டை எவ்வளவு ஏற்றினாலும் துணி மஞ்சளாகுமே தவிர, சுருக்கம் முழுதாகப் போகாது.

ஆகவே சட்டை முக்கால் பங்கு காய்ந்ததுமே கொடியிலிருந்து எடுத்துத் தேயுங்கள். காய்ந்துவிட்டதென்றால், பரவலாகத் தண்ணீர் தெளித்து இறுக்கமாகச் சுருட்டி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். தெளித்த உடனே தேய்த்தால் ஒரு இடம் சொட்டச் சொட்டவும் பக்கத்து இடம் உலர்ந்தும் இருக்கும். சுருட்டி வைத்தால் ஈரம் சீராகப் பரவும்.

பலரும் கவனிக்காத இன்னொரு பாதி உண்டு. சற்று ஈரம் மிச்சமிருக்கும்போதே தேய்ப்பதை நிறுத்தினால், அந்த ஈரம் காயும்போது துணி மறுபடி சுருங்கும். தொட்டால் உலர்வாக இருக்கும்வரை பெட்டியை ஓட்டுங்கள். தேய்த்து முடித்ததும் மடித்து அடுக்காமல், ஐந்து பத்து நிமிடம் ஹேங்கரில் தொங்கவிட்டு ஆறிய பின் அலமாரியில் வையுங்கள். சூட்டோடு மடித்த சட்டையில் மடித்த கோடு அப்படியே பதிந்துவிடும்.

கேள்வி: முழுக்கைச் சட்டையை எந்த வரிசையில் தேய்க்க வேண்டும்? ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் கசங்கிவிடுகிறது.

சிறிய, தடித்த பகுதிகள் முதலில். பெரிய, மெல்லிய பகுதிகள் கடைசியில்.

முதலில் காலர். அதன் உட்புறத்தை, இரு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கித் தேயுங்கள். நடுவிலிருந்து முனைக்குத் தள்ளினால் துணி முனையில் போய்க் குவிந்து, நிரந்தரமான ஒரு சிறு மடிப்பு விழும். பிறகு வெளிப்புறம். அடுத்து தோள்களை இணைக்கும் பட்டி. பலகையின் குறுகிய முனையில் தோளை மாட்டினால் எளிது. பின்பு கைப்பட்டிகள், பட்டனைத் திறந்து, உட்புறம் முதலில். அடுத்து கைகள்: அடித்தையலைச் சரியாகப் பொருத்தி விரித்து, தையலிலிருந்து மேல்நோக்கித் தேயுங்கள். கடைசியாக, பட்டன் உள்ள முன்பக்கத்தில் தொடங்கி, முதுகைச் சுற்றி, காஜா உள்ள முன்பக்கத்தில் முடியுங்கள்.

பட்டன் பட்டியை மேலிருந்து தேய்க்காதீர்கள். கீழே தடித்த துண்டை விரித்து, பட்டன்கள் துண்டுக்குள் அமுங்கும்படி கவிழ்த்துப் போட்டு, பின்புறமிருந்து தேயுங்கள். பட்டனும் உடையாது, இடைவெளிகளும் தட்டையாகும்.

கேள்வி: துணியின் பட்டையில் பெட்டிப் படத்துக்குள் இருக்கும் புள்ளிகளுக்கு என்ன பொருள்? கறுப்புப் பேண்ட் ஏன் பளபளக்கிறது?

ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தேய்க்கவே கூடாது. நைலான், அக்ரிலிக் போன்றவை ஒரு புள்ளிக்குள், பாலியஸ்டர், கம்பளி இரண்டுக்குள், பருத்தியும் லினனும் மூன்று புள்ளி வரை என்பது பொது வழக்கம். பட்டையில் வேறாக இருந்தால் பட்டை சொல்வதைக் கேளுங்கள். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணிக்குப் பாலியஸ்டரின் அளவுதான் வரம்பு.

தேய்க்கும் வரிசையையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள். குறைந்த சூடு கேட்கும் துணியில் தொடங்கிப் பருத்தியில் முடிப்பதே பாதுகாப்பு. பெட்டி சூடேறுவதைவிட ஆறுவதற்கு அதிக நேரம் பிடிக்கும். பருத்தி தேய்த்த கையோடு குமிழைக் குறைத்துவிட்டு நைலானை எடுத்தால், தகடு இன்னும் பழைய சூட்டிலேயே இருக்கும். துணி உருகி ஒட்டுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

பளபளப்புக்குக் காரணம், துணியின் மேல் நிற்கும் நுண்ணிய இழைகள் நசுங்கி ஒளியைச் சீராகப் பிரதிபலிப்பது. கம்பளியாக இருந்தால் நீராவி காட்டி மென்மையான பிரஷ்ஷால் நீவிவிட்டால் ஓரளவு மீளும். பாலியஸ்டரில் இழை உருகித் தட்டையாகியிருந்தால் மீட்க வழியில்லை. அடர் நிறத் துணியை எப்போதும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் தேயுங்கள். மடிப்பு வைப்பதற்காக வெளிப்புறம் தேய்த்தே ஆக வேண்டுமென்றால், ஈரப்படுத்திப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை மேலே போட்டு, பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்.

கேள்வி: நீராவிப் பெட்டி பழுப்புத் தண்ணீரை வெள்ளைச் சட்டையில் கக்குகிறது. சரிசெய்ய முடியுமா?

இங்கே இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கலாம். தண்ணீர் சொட்டுவது பொதுவாகச் சூடு போதாததால் வருவது. தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், சூடான அறையில் பட்டு ஆவியாகி, துளைகள் வழியே வர வேண்டும். குமிழ் ஒரு புள்ளியில் இருந்தாலோ, பெட்டி முழுதாகச் சூடேறும் முன் நீராவியைத் திறந்தாலோ, பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாலோ, ஆவியாக நேரமில்லாமல் தண்ணீராகவே இறங்கிவிடும். நீராவி வேண்டுமென்றால் பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு புள்ளிக்கு மேல் வைத்து, விளக்கு ஒருமுறை அணையும்வரை காத்திருங்கள்.

பழுப்பு நிறத்துக்குக் காரணம் உள்ளே படிந்த உப்பும் கருகிய அழுக்கும். கடின நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள், தண்ணீர் ஆவியானதும் உள்ளேயே தங்கிவிடும். தானே சுத்தம் செய்யும் வசதி உள்ள பெட்டி என்றால், தொட்டியை நிரப்பி, முழுச் சூட்டில் வைத்து, விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கி, கழுவும் தொட்டிக்கு மேல் கிடைமட்டமாகப் பிடித்து, சுத்தம் செய்யும் நிலைக்குக் குமிழைத் திருப்பி மெல்ல ஆட்டுங்கள். கொதிநீரும் நீராவியும் உப்புச் செதில்களோடு கொட்டும், கையை விலக்கி வையுங்கள். மறுபடி சூடேற்றிப் பழைய துணியில் ஓட்டிய பிறகே சட்டையைத் தொடுங்கள்.

வினிகர் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கையேடு அனுமதித்தால் மட்டும். சில பெட்டிகளின் உட்பூச்சையும் ரப்பர் வளையங்களையும் அது அரித்துவிடும். தொட்டிக்குள் வாசனைத் திரவியமோ கஞ்சியோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிட்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்து ஆறவிடுங்கள்.

கேள்வி: பெட்டியின் சூட்டால் வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் நிறக் கறை பட்டுவிட்டது. போகுமா?

வெளிர் மஞ்சள் என்றால் போக வாய்ப்புண்டு. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சால் ஒற்றி, சிறிது நேரம் விட்டு அலசி, வெயிலில் காயப்போடுங்கள். நிறத் துணியில் இதைச் செய்யாதீர்கள், சாயம் வெளுக்கும். கறை அடர் பழுப்பு என்றால் இழையே கருகிவிட்டது, தேய்த்துக் கழுவினால் அந்த இடம் ஓட்டையாகும்.

கேள்வி: கஞ்சி தெளித்துத் தேய்த்தால் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது.

அதிகமாகத் தெளித்து, ஊறும் முன்பே பெட்டியை வைத்ததன் விளைவு. 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து லேசாகத் தெளித்து, அரை நிமிடம் ஊறவிட்டுத் தேயுங்கள். விறைப்பு போதவில்லையென்றால் இரண்டாம் முறை தெளிக்கலாம். தகட்டில் ஒட்டிய கஞ்சியை, ஆறிய பின் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தகட்டில் சோடா வேண்டாம், கம்பி நாரும் வேண்டாம். ஈரத்துணியும் துளி சோப்பும் போதும். மாதக்கணக்கில் எடுத்து வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சி போடாதீர்கள், பூச்சி அரிக்க வரும்.

கேள்வி: கையில் பிடிக்கும் ஸ்டீமர் வாங்கினால் பெட்டியை விட்டுவிடலாமா?

உங்கள் துணிகளைப் பொறுத்தது. ஸ்டீமரில் ஈரமும் சூடும் உண்டு, அழுத்தம் கிடையாது. பட்டு, கம்பளிக் கோட்டு, வெல்வெட், கொசுவம் நிறைந்த உடைகள் இவற்றுக்கு அது மிக நல்லது. வெல்வெட்டில் பெட்டியை வைத்தால் மேலே நிற்கும் இழைகள் படுத்துவிடும், ஸ்டீமரே சரி. விறைப்பான காலர், பேண்டின் நேர் மடிப்பு, கனத்த லினன் ஆகியவற்றை ஸ்டீமரால் ஒழுங்காக்க முடியாது.

கேள்வி: பெட்டியைத் தொடும்போது லேசாக ஷாக் அடிக்கிறது. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தேய்க்கலாமா?

கூடாது. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே மின்சாரம் தகட்டுக்குக் கசிகிறது, அதைத் தரைக்குக் கடத்த வேண்டிய எர்த் இணைப்பும் வேலை செய்யவில்லை என்று பொருள். பெட்டியைப் பழுதுபார்ப்பவரிடமும், சாக்கெட்டை எலக்ட்ரீஷியனிடமும் காட்டுங்கள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதாது. ஒயர் பெட்டிக்குள் நுழையும் கழுத்துப் பகுதியை அடிக்கடி வளைத்துப் பாருங்கள், உறை வெடிப்பது அங்கேதான். சூடான பெட்டியில் ஒயரைச் சுற்றி வைப்பதால்தான் அது சீக்கிரம் கெடுகிறது.

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுபவர்கள் கணக்குப் பாருங்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும், 2400 வாட் நீராவிப் பெட்டி 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் இரண்டாவதைத் தாங்காது, 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள்.