மட்டக்குதிரையில் 78 கிலோ ஏறலாமா?

வணக்கம். உங்கள் நான்கு வயது மட்டக்குதிரையில், 78 கிலோ நிறையுள்ள நீங்களே ஏறிக் கசூரினா கடற்கரைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம்.

நீங்கள் தந்த அளவையே எடுப்போம். நெஞ்சுச் சுற்றளவு 145 செ.மீ., உடல் நீளமும் 145 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் குதிரையின் நிறை ஏறத்தாழ 257 கிலோ என்று வரும். அது சுமக்கக்கூடியது அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது 51 கிலோ. இதற்குள் சேணமும் அடங்கும். சேணம் 8 கிலோ என்றால், ஏறுபவர் 43 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதுவும் வளர்ந்த குதிரைக்குத்தான்.

2008இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் எட்டுக் குதிரைகளை ஓட்டிப் பார்த்தார்கள். உடல் நிறையில் 20 வீதம் வரையான சுமையைச் சமாளித்த குதிரைகளுக்கு, 25 வீதத்தில் இதயத்துடிப்பும் தசைநோவும் கூடின.

உங்கள் குதிரைக்கு நான்கு வயதுதான், முதுகெலும்பு முற்ற இன்னும் ஒன்றரை, இரண்டு வருசம் செல்லும். கடற்கரை மணலில் கால் புதையும், நம்மூர் மத்தியான வெயில் வேறு.

34 கிலோ நிறையுள்ள உங்கள் மகள் ஏறலாம், ஆனால் முதலில் பத்து நிமிட நடை போதும். இறங்கியதும் சேணத்தைக் கழற்றி, முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டு போங்கள். தோல் துடித்தாலோ, முதுகைக் கீழே பதித்தாலோ, காதைப் பின்னுக்கு மடித்தாலோ அதற்கு நோகிறது. வியர்த்த முதுகில் உள்ளங்கையளவு காய்ந்த திட்டு தெரிந்தால் சேணம் அந்த இடத்தை அழுத்துகிறது. அப்படியென்றால் மகளையும் ஏற்றாதீர்கள், மிருக வைத்தியரிடம் ஒருக்கா காட்டுங்கள்.

நீங்கள் பக்கத்தில் கயிற்றைப் பிடித்து நடந்து வாருங்கள்.