அப்பாவின் எஃப்எம்2ம் நடுகற்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா விட்டுச்சென்ற நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவும் 50 மி.மீ. எஃப்1.8 லென்சும் என்னிடம் உள்ளன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களைப் படமெடுத்துச் சேர்த்துவருகிறேன். உறவினர் ஒருவர் தம்முடைய நிக்கான் டி5600 டிஜிட்டல் கேமராவைத் தருவதாகச் சொல்கிறார். பழைய லென்சை அதில் பொருத்தினால் ஃபிலிமின் ஆழம் டிஜிட்டலிலும் கிடைக்கும் என்கிறார்கள். உண்மையா? இந்த வேலைக்கு எது தகும்?

வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

நடுகல் வேலைக்கு டி5600ஐ வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் லென்சையும் அதில் தாராளமாகப் போடலாம். ஃபிலிமின் ஆழம் மட்டும் வராது. நீங்கள் ஆழம் என்று குறிப்பிடுவது பெரும்பாலும் ஃபிலிமின் குணம். நெகட்டிவில் வெளிச்சம் மிகுந்த இடங்கள் படிப்படியாகத்தான் வெளுக்கும். டிஜிட்டல் சென்சாரிலோ ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்த இடம் வெறும் வெள்ளையாகிவிடும், அங்கிருந்த விவரத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஆகவே எஃப்எம்2இல் நிழலுக்கு ஒளியளந்து, சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இருமடங்காக, கூட்டி எடுத்துப் பழகிய கை, டிஜிட்டலில் வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றி, சந்தேகம் வந்தால் குறைத்தே எடுக்க வேண்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் நிழலைப் பின்னர் ஓரளவு தூக்கிவிடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில், பலகைக்கற்களை நிறுத்திக் கட்டிய பண்டை ஈமச்சின்னங்களான கல்திட்டைகளுக்கு ஒருமுறை போய்வாருங்கள்; பலகைக்கற்களுக்குள் இருட்டும் வெளியே பாறைமேல் சுள்ளென்ற வெயிலும் ஒரே சட்டகத்தில் வரும்போது இந்த வேறுபாடு விளங்கிவிடும்.

உங்களுடையது மின்தொடர்பு இல்லாத கைக்குவிய லென்சு என்றால், டி5600 அதற்கு ஒளியளந்து தராது. கேமராவை எம் (எல்லாம் கையால் அமைக்கும்) நிலையில் வைத்து, லென்சின் வளையத்தில் எஃப்8 வைத்து, ஒரு படம் எடுத்து வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். கல் எங்கும் ஓடிவிடப் போவதில்லை என்பதால் இதில் சிரமம் ஒன்றும் இல்லை. குவியம் சரியானதும் வ்யூஃபைண்டரின் கீழே பச்சைப் புள்ளி எரியும். சென்சார் ஃபிலிம் சட்டத்தைவிடச் சிறியது என்பதால் 50 மி.மீ. இங்கே 75 மி.மீ. போலப் பார்க்கும், சற்றுத் தள்ளி நின்று எடுக்க நேர்வதால் வீரனின் உருவம் கோணாமல் வரும், நடுகல்லுக்கு இது நல்லதே.

கேமராவை விடவும் முக்கியமானது வெளிச்சம் விழும் கோணம். புடைப்பு ஆழமற்றது, வட்டெழுத்துக் கீறல்கள் அதைவிட ஆழமற்றவை. வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போனால்தான் அவற்றில் நிழல் விழும். காலை வெயில்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் கிழக்கு பார்த்த கல்லில் அது நேராக அடித்து எழுத்தை அழித்துவிடும். சூரியன் உச்சியை நெருங்கி, வெயில் கல்லின் முகத்தைவிட்டு விலகும் தறுவாய்க்குக் காத்திருங்கள். மரத்தடிக் கல்லுக்கு ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில், முகத்தோடு ஒட்டினாற்போலப் பிடித்து, இடம் மாற்றி மாற்றி எடுங்கள். எந்தக் கோணத்தில் எழுத்து எழுந்து நிற்கிறது என்பதைத் திரையில் அங்கேயே பார்த்துவிடலாம், டிஜிட்டலை நான் பரிந்துரைப்பதற்குக் காரணமே அதுதான். எண்ணெய் பூசி வழிபடும் கற்களில் பளபளப்பு கண்ணைப் பறிக்கும். பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டியான 52 மி.மீ. சர்க்குலர் போலரைசர் ஒன்றை லென்சின் முன்னால் திருகி, பளபளப்பு அடங்கும் வரை சுழற்றுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பவர்களின் பின்னால் மட்டும் போகாதீர்கள்.

எஃப்எம்2ஐ விற்க வேண்டாம். 1982இல் வந்த அதன் ஷட்டர், பேட்டரியே இல்லாமல் நொடியில் 4000இல் ஒரு பங்கு வரை ஓடும். வ்யூஃபைண்டர் ஓரத்தில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று காட்டும் ஒளிமானிக்கு மட்டுமே கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் இரண்டு பொத்தான் பேட்டரிகள் தேவை. பின்கதவைத் திறந்து வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஓரப் பஞ்சைத் தொட்டுப்பாருங்கள். பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் ஃபிலிம் போடுவதற்கு முன் அதை மாற்றியாக வேண்டும். தோல் உறையிலிருந்து லென்சை உடனே வெளியே எடுத்துவிடுங்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ விரும்பினால், படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பருக்குரிய வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி என்பதை மறக்காதீர்கள். தருமபுரிப் பக்கம் சித்திரை மாதத் தொட்டித் தண்ணீர் அதற்கு வெகு மேலே இருக்கும். பாட்டிலைப் பனிக்கட்டி போட்ட வாளியில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.